இடப்பக்கக் கதவு

காந்திபுரத்திலிருந்து போத்தனூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் அடுத்த வாரம் முதன்முறையாகச் சிங்கப்பூர் போகிறாராம். பக்கத்தில் இருந்த அம்மா ஏற்கெனவே போய் வந்தவர்.

“ஏனுங்கக்கா, அங்க எதையெல்லாம் பாக்கறதுங்க?”

“ரயில்ல போங்க அம்மணி. அது போதும்.”

நான் போனை அணைத்துவிட்டேன்.

“உள்ள ஏசி குளுருமுங்க, சால்வை எடுத்துக்கோங்க. தண்ணிகூடக் குடிக்க விடமாட்டாங்க. இடப்பக்கக் கதவுகிட்ட நின்னுக்கோங்க.”

“மிருகக்காட்சி சாலை நல்லா இருக்குமாமே?”

“நான் பாக்கலீங்க. நாலு நாளும் ரயில்லயே போறதும் வாரதுமா இருந்துபோட்டேன்.”

“ஏனுங்க?”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள போற வழியில ஒரு பச்சைக் கட்டடம் வருமுங்க. அதுல எட்டாவது மாடி எம்பொண்ணு ஊடு. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணுனப்ப, இனி எம்மொகத்துல முழிக்காதேன்னு நாந்தான் சொன்னேன்.”

“எறங்கிப் போயிருக்கலாமுல்லங்க?”

“ஒரு நாள் போனேன். லிஃப்ட் வரைக்கும்.”

இளையவர் அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அங்க ஜன்னலுக்கு வெளிய நீளக் குச்சில துணி காயப்போடுவாங்க. கொழந்தத் துணி ஏதாச்சும் காயுதான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

“சரிங்கக்கா. எட்டாவது மாடிங்களா?”

“கீழயிருந்து எண்ணாதீங்க, அதுக்குள்ள ரயில் தாண்டிருமுங்க. மேலயிருந்து மூணாவது வரிசை.”