நான்கு சீசனோடு முடிந்த கதை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை யார் அழைத்தாலும் தொலைபேசியை எடுக்க மாட்டோம். டுலூத்தில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். செத்தாலும் ஐந்து மணிக்கு மேல் சாகச் சொல்லி என் கணவர் டாரல் தன் தங்கையிடமே சொல்லியிருக்கிறார். அந்த நேரம் 'நீர்க்கோட்டை'க்கு உரியது. இரண்டு எபிசோடு, நடுவில் பத்து நிமிடம், அடுப்பிலிருந்து இறக்கிய ஹாட்டிஷ். நீங்களும் மினசோட்டாக்காரர்தான். மாட்டுக்கறிமேல் உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைப்பதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆத்திரத்தில் செய்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. நான் ஒரு பல் மருத்துவமனையில் பத்தொன்பது வருஷமாக வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். பல்வலியோடு வந்து கத்துகிறவர்களைப் பார்த்துப் புன்னகை செய்வதுதான் என் தொழில். ஒரே நேரத்தை இரண்டு பேருக்கு ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. ஆத்திரத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை.

'நீர்க்கோட்டை' உங்களுக்குத் தெரியாது என்றீர்கள். ஓரவெல் என்று ஒரு படகுக்காரி. ஏரிக்குள் மூழ்கிய கோட்டைக்கு அவள்தான் வாரிசு. ஆனால் கிரீடம் வேண்டாமென்று துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் துணை டெஷ், தண்ணீர் என்றாலே நடுங்குகிற கொல்லன். மூன்றாவது சீசனில் ஒரு எபிசோடு முழுக்க ஓரவெல் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பாள். சண்டை கிடையாது, மந்திரம் கிடையாது, ஒரு மனிதன் தண்ணீரை நம்பக் கற்றுக்கொள்கிறான், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு டாரல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். திருமணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அப்படிச் செய்தார்.

நான்கு சீசன் அப்படிப் போனது. பிறகு முதலில் எழுதியவர் விலகினார், வேறு யாரோ எழுத வந்தார்கள், எல்லாம் கெட்டது. இது என் சொந்தக் கருத்து இல்லை, ஊரறிந்த விஷயம். நான்கு வருஷம் வேண்டாம் வேண்டாமென்ற கிரீடத்தை ஓரவெல் இரண்டே எபிசோடில் தலையில் வைத்துக்கொள்கிறாள். அவள் படகில் கூடவே வரும் வாய் பேசாத நீர்நாய் திடீரென்று பேசுகிறது. அவ்வளவு பாடுபட்டு நீச்சல் கற்ற டெஷ் ஐந்தாவது சீசனில் முழங்கால் தண்ணீரில் மூழ்கிச் சாகிறான். முழங்கால் தண்ணீரில். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். "மொத்தமே நாலு சீசன்தான்" என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். எங்களைப் போன்றவர்களிடம் ஐந்தாவது சீசனைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முகத்தை மாற்றாமல் சொல்வோம். அது எங்களுக்குள் ஒரு வேடிக்கை. எனக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை.

ஒரு சீசனின் பத்து எபிசோடும் ஒரே நாளில் வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு, சேர்ந்துதான் பார்ப்பது, ஒருவரை விட்டு ஒருவர் முன்னால் ஓடக் கூடாது. எங்கள் ஒப்பந்தம் அதுதான். பத்தும் பெட்டிக்குள் காத்திருக்கும், நாங்கள் தொட மாட்டோம். தேவாலயத்தில் கொடுத்த வாக்கைவிட இதுதான் கடினம். அதை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள்.

ஐந்தாவது சீசன் வந்தபோது நான் ஃபார்கோவில் அம்மாவோடு இருந்தேன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து எட்டு வாரம். டாரல் தொலைபேசியில், "உன்ன விட்டுட்டு பாப்பனா? பைத்தியமா நீ? வந்து சேரு மொதல்ல" என்றார். வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாட்டிஷ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் எபிசோடு, பதினோராவது நிமிடம். கரையில் நின்று டெஷ் எதற்கோ சிரிக்கிறான். டாரல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிரிச்சுக்கோடா சிரிச்சுக்கோ. முட்டித் தண்ணில போய்ச் சேரப்போற" என்றார்.

நான் நிறுத்தினேன். "இது உனக்கு யாரு சொன்னா?"

"வேலைல பசங்க பேசிக்கிட்டானுங்க."

"பசங்க பேசினதுக்கா கண்ணு கலங்குது?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். கோலீன். இவர் வேலை பார்க்கும், தாது ஏற்றுகிற கப்பல்துறையில் எடை போடும் அறையில் இருப்பவள். அவள் வீட்டில், அவள் சோபாவில், ஐந்து ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு.

கோலீனை நான் மன்னித்திருப்பேன். உண்மையாகவே சொல்கிறேன். ஆண்கள் தனியாக விடப்பட்டால் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூன்று மணியை எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்திருக்கிறார். அவள் முன்னால் அழுதிருக்கிறார். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் பிரியவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார், நான் சரி என்றேன். ஆறாவது சீசன் ஒரு பிப்ரவரியில் வந்தது, ஏழாவது அடுத்த பிப்ரவரியில். இரண்டு பிப்ரவரியிலும் டாரலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் துறையில் கூடுதல் வேலை இருந்தது. பிப்ரவரியில் ஏரி உறைந்து கிடக்கும், ஒரு கப்பலும் வராது. இந்த ஊரில் பிறந்த பெண்ணிடம் அதைச் சொல்லிவிட்டுப் போனார். கையுறை எடுத்துக்கொண்டாயா என்று மட்டும் கேட்டேன்.

அதற்கு அடுத்த பிப்ரவரியில்தான் ஏணியிலிருந்து விழுந்தார். கூரை விளிம்பில் கட்டியிருந்த பனிக்கட்டியை உடைக்க ஏறினார், கால் வழுக்கியது. அதில் எனக்குப் பங்கில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தலையில் அடி. கண் விழித்தபோது பதினொரு வருஷ ஞாபகம் அவரிடமிருந்து போயிருந்தது.

"ஜனெல், எப்ப முடிய வெட்டிக்கிட்ட?" என்றார். "நல்லாருக்குடி. ஒரு மாதிரி ஸ்கூல் டீச்சர் மாதிரி இருக்க."

அவருக்கு கோலீன் இல்லை. 'நீர்க்கோட்டை'யும் இல்லை. என்னை மட்டும் தெரிந்திருந்தது.

ரசிகர்கள் எல்லோரும் ஒரு ஆசையைச் சொல்வார்கள்: எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடி முதல் தடவையாகப் பார்க்க வேண்டும் என்று. முதல் எபிசோடிலிருந்து போட்டேன், எனக்கு அது சோபாவில் என் பக்கத்திலேயே நடந்தது. நீச்சல் காட்சி வந்தபோது டாரல் என் கையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதே கை, அதே மடி. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அத்தனை சந்தோஷம். இருபது ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது எபிசோடும் முடிந்தன. "அடுத்தது எப்ப?" என்றார். "மொத்தமே நாலு சீசன்தான்" என்றேன். நம்பிவிட்டார். அந்த வேடிக்கையை உண்மையென்று நம்பிய ஒரே மனிதர் உலகத்திலேயே அவர்தான் இருப்பார்.

மருத்துவர் நல்ல செய்தி சொன்னார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்றார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, பாதிதான், முழுதாகக் கொடுத்தால் மூளை மந்தமாகும், புதிதாகச் சேர்ந்த ஞாபகம் எதுவும் தங்காது என்று எச்சரித்தார். நான் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் காலைச் சாப்பாட்டில் டாரல் ரொட்டிமேல் வெண்ணெய் தடவிக்கொண்டே, "அந்தக் கொல்லன் தண்ணில மூழ்கிச் செத்துருவான்ல?" என்றார்.

"இல்லயே. அப்படி ஒண்ணும் வரல."

"எங்கயோ பாத்தேனே. பச்ச சோபா ஒண்ணு."

எங்கள் சோபா பழுப்பு. அன்று முழு மாத்திரை கொடுத்தேன். வாரக் கடைசியில் இரண்டு. கொல்லன் போனான், பச்சை சோபா போனது, நாங்கள் பார்த்த நாற்பது எபிசோடும் போயின. ஞாயிற்றுக்கிழமை முதல் எபிசோடைப் போட்டேன். "இது என்ன, புதுசா?" என்று ஆசையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு வருஷத்தில் ஐந்து சுற்று வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நான்காவது சீசன் முடிகிற சமயத்தில் மாத்திரையைக் கூட்டுவேன், பிறகு குறைப்பேன். மூன்றாவது சுற்றில் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. நான்காவதில் காலணிக் கயிறு கட்ட மறந்துவிட்டார், நான் கட்டிவிட்டேன். ஐந்தாவதில் ஓரவெலையும் அவள் எதிரியையும் ஒரே ஆளென்று நினைத்தார். அதனால் என்ன? நீச்சல் காட்சியில் என் கையைத் தேடினார். ஐந்து தடவையும் தேடினார். எத்தனை மனைவிகளுக்கு அது கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்.

அவர் தங்கை மார்ஜியை நீங்கள் சந்தித்திருக்கிறீர்கள். அவர் விழுந்த பிறகு நான் வியாழக்கிழமை மட்டும்தான் வேலைக்குப் போகிறேன், அப்போது அவள்தான் வந்து பார்த்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த எபிசோடையே அவருக்கு மறுபடி போட்டுவிட்டுப் போவேன். வாய் ஓயாது.

"ஏன் ஜனெல், எப்ப வந்தாலும் அதே படகு, அதே பொம்பள. கரையே வராதா அவளுக்கு?" என்பாள். "பாவம் அவன். ஒரு ஐஸ் ஹாக்கியாவது போட்டு விடேன்."

"அவருக்கு இதுதான் புடிக்குது."

"அவனுக்கு எது புடிக்கும்னு அவனுக்கே தெரியல. உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

நான் சிரித்தேன். என் வேலை அது. ஆனால் அவள் எனக்குச் சொல்லாமல் வேறொன்று செய்துகொண்டிருந்தாள், நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாத்திரை போட்டால் அண்ணன் மரக்கட்டை மாதிரி கிடக்கிறான் என்று நான் எடுத்துவைத்துவிட்டுப் போவதைக் கழிப்பறையில் கொட்டியிருக்கிறாள். புதன்கிழமை லைப்ரரிக்கு நான் போகும் நேரத்திலும் வந்து, வாரம் முழுவதற்கும் நான் எண்ணிவைத்த சின்ன டப்பாவில் மாற்றிவைத்திருக்கிறாள், மருந்துக்குப் பதிலாக அதே நிறத்தில் ஏதோ வைட்டமின். நல்ல எண்ணத்தில்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை எங்கள் பல் மருத்துவமனையில் தண்ணீர்க்குழாய் உறைந்து வெடித்தது. எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். இரண்டரை மணிக்கு வீட்டு வாசலில் மார்ஜி கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கான் இன்னைக்கு. 'இதுக்கு மேல இல்லையா'ன்னு கேட்டான். இன்னும் மூணு சீசன் இருக்கேடா மடையா, அதக்கூடவா சொல்லலன்னு போட்டு விட்டேன். எவ்ளோ சந்தோஷம் தெரியுமா! நான் கெளம்பறேன், நாய்க்குச் சாப்பாடு வெக்கணும்."

அவள் போனாள். நான் உள்ளே போனேன். டாரல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காலணிக் கயிற்றைத் தானே கட்டியிருந்தார், இரட்டை முடிச்சு. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே, "கோலீன், நிறுத்திடாத. இப்பத்தான் அவன் தண்ணில எறங்கறான்" என்றார். குரல் அழுகையில் நனைந்திருந்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த ரிமோட்டை எடுத்து அணைத்தேன். அவர் திரும்பினார். என்னை அடையாளம் தெரிந்தது. அடையாளம் தெரிந்ததும் அந்த முகம் தொங்கிப்போனதே, அதை உங்கள் அறிக்கையில் எப்படி எழுதுவீர்கள் என்று தெரியவில்லை.

"ஜனெல்," என்றார். "எல்லாம் ஞாபகம் வருது. நான் உனக்கு ரொம்பக் கெட்டது பண்ணிட்டேன். இல்ல?"

"பரவால்ல."

"உக்காரு. மொதல்லேருந்து போடறேன், சேந்து பாக்கலாம். எல்லாரும் திட்டறாங்க, ஆனா முடிவு நல்லாத்தான் இருக்குடி. உனக்குப் புடிக்கும்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றார். சமையலறைக்குப் போய் முந்தின நாள் சூப்பைச் சூடாக்கினேன். மாத்திரை நான் எப்போதும் எண்ணித்தான் போடுவேன். அன்று டப்பாவை விட்டுவிட்டுப் புட்டியிலிருந்தே கொட்டினேன், எண்ணவில்லை. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான் என்றால், ஆம், தெரிந்துதான் போட்டேன், சாகட்டும் என்றுதான் போட்டேன், மார்ஜிக்கு இதில் ஒன்றும் தெரியாது. சூப் கொஞ்சம் கசக்கிறது என்றார். குடித்துவிட்டார். பிறகு முதல் சீசனைப் போட்டேன். படகு கரையை விட்டுக் கிளம்புவதற்குள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. மூன்றாவது சீசனின் நீச்சல் காட்சிக்குத் தாவி, நானே அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விடிந்ததும் உங்களை அழைத்தேன்.

அவரைக் காப்பாற்றினேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்லபடியாக ஆரம்பித்த ஒன்று எப்படிச் சீரழியும் என்பதை அவர் பார்க்க வேண்டாம் என்றுதான். நேற்று உங்கள் உதவியாளர், அந்தச் செம்பட்டை முடிக்காரப் பெண், காப்பி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: கடைசி மூன்று சீசனும் ஒரு மனிதனைக் கொல்லுமளவுக்கா மோசம்? இரவெல்லாம் யோசித்தேன். எனக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். நான்காவது சீசனுக்குப் பிறகு நான் பார்த்தது அன்றைய பதினொரு நிமிடம் மட்டும். அது நன்றாகத்தான் இருந்தது.