கொக்கிக் கோல்

எங்கள் ஊரில் காப்பியோடு ஒரு பிஸ்கட்தான் கொடுப்போம். நீங்கள் இரண்டாவதும் எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு இங்கேயே இருக்கலாமா, கொண்டுபோய்விடலாமா என்று பார்த்துச் சொல்ல நகராட்சி அனுப்பியிருக்கிறது உங்களை. அந்த மாதிரி முடிவைப் பசியோடு எடுக்கக் கூடாது.

முதல் தடவை அந்த முடிவை எடுத்தது நான்தான். என் தங்கை ஹிஸ்கே, இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ரென்ஸைக் கூட்டி வந்தாள். ஹார்லிங்கன் துறைமுகத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் படகில் அவனுக்கு வேலை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், வாய்தான் கொஞ்சம் அதிகம். அவனிடம் ஐந்து மீட்டர் மலைப்பாம்பு ஒன்று இருந்தது. பெயர் பெர்த்தா.

"நீ வேணாம்னா வேணாங்க்கா. பெர்த்தாவ யாருக்காச்சும் குடுத்துடுறேன்னு சொல்லிட்டாரு," என்றாள் ஹிஸ்கே.

"எனக்கு மாமியாரே இல்லைன்னு சந்தோஷப்பட்டேன். இங்க வந்து பாத்தா ஒருத்தர் இருக்காரு," என்று என்னைக் காட்டிச் சிரித்தான் அவன். ஹிஸ்கேயும் சிரித்தாள். அவன் எதைச் சொன்னாலும் சிரித்தாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி வளர்த்தவள் நான். இரவில் கண்ட கனவைக் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே என்னிடம்தான் சொல்வாள். அவன் வந்த பிறகு கனவுகளெல்லாம் அவனுக்குப் போயின. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

"இருந்துட்டுப் போகட்டும், வச்சுக்கலாம்," என்றேன். ஹிஸ்கே என்னைக் கட்டிக்கொண்டாள்.

பெரிய பாம்பு வளர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூண்டைத் திறந்ததும் கொக்கிக் கோலால் அதன் தலையருகே மெல்லத் தட்டுவார்கள். தட்டினால் தீனி இல்லை, ஆள்தான் வருகிறார் என்று பாம்புக்குப் பழகிவிடும். தட்டாமல் திறந்தால் முயல் வரும். இன்னொன்று, தனியாகத் திறக்கவே கூடாது. சுற்றிக்கொண்டால் மற்றவர் வாலிலிருந்து அவிழ்க்க வேண்டும். எல்லாம் ரென்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததுதான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் தீவிலேயே தங்கி வேலை பார்க்க வேண்டியிருந்தது. செத்த முயலைப் பார்த்தாலே ஹிஸ்கேவுக்கு அழுகை வரும். அதனால் தீனி போடும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கோலால் தட்டிவிட்டு முயலைக் கொடுத்தேன். பெர்த்தா கெட்டிக்காரி, சீக்கிரமே கற்றுக்கொண்டாள். அவன் திரும்பி வரும் நேரம் பார்த்துச் சில வாரம் முயலை ஃப்ரீசரிலேயே விட்டுவிட்டேன்.

அவன் வந்த அன்று ஹிஸ்கே பாட்டுக் குழுவுக்குப் போயிருந்தாள்.

"மாமியாரே, கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க. எஞ் செல்லத்துக்கு என்னை ஞாபகம் இருக்கான்னு பாப்போம்," என்று சொல்லிவிட்டு அவன் தட்டினான்.

"வால... வால புடிங்கக்கா," என்றான் கொஞ்ச நேரத்தில். அன்றுதான் முதல் தடவையாக என்னை அக்கா என்று கூப்பிட்டான். என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. நான் அதைக் கீழே வைக்கவில்லை.

போலீஸார் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். பாம்பை என்ன செய்வது என்று யோசிக்க உங்கள் ஆட்களுக்குக் கோடை முழுவதும் ஆயிற்று.

இனி கனவுகள் என்னிடம் திரும்பிவிடும் என்று நினைத்தேன். ஹிஸ்கே மாடியில் அந்தக் கண்ணாடிக் கூண்டின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். "அது என்ன பண்ணும், பாவம். அவரு தொட்டு வளத்ததுக்கா. அனுப்பிடாதே," என்றாள். காலையில் எழுந்ததும் கனவுகளை அதனிடம் சொல்கிறாள். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வைத்துக்கொள்ளலாம் என்றேன், இரண்டாவது தடவையும். தீனி போடுவது இன்னும் நான்தான், முன்பு போட்ட அதே மாதிரி. கூண்டின் சாவியை மட்டும் அவளிடம் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் வந்து கேட்டாள். "கொண்டுபோறதா இருந்தா, அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ தொட்டுப் பாத்துக்குறேங்க்கா."

சாவியைக் கொடுத்தேன், கோலையும் கொடுத்தேன். தட்டிவிட்டுத் தொடு என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது கேட்டதே, அது கூண்டுக் கதவு. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். அவள் கூப்பிடுவாள், பாருங்கள். என்னைத்தான் கூப்பிடுவாள்.