படகு வண்டிக்கு நான் கட்டிய கதை

சென்ற தை மாதத்தில், பட்டப்பகலில், ஒரு டிரெய்லர் வண்டியின் தார்ப்பாய்க்கு அடியில் ஒளிந்து படுத்திருந்து, அந்த வண்டியோடு சேர்த்து ஏரித் தண்ணீருக்குள் இறக்கப்பட்டவன் நான்தான்! இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்லப்போகிறேன். வணக்கத்துக்குப் பின்னால் சொன்னால், போட்ட மாலையைத் திரும்பக் கேட்பீர்கள்.

விழாவுக்குத் தலைமை தாங்கும் திருப்பணிக் குழுத் தலைவர், எங்கள் தெருவின் நடமாடும் நீதிமன்றம், பெரியவர் அப்பாசாமி அவர்களே! முன்வரிசையில் முறுக்கைக் கடித்தபடி என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அவர் துணைவியார் ராணியம்மாள் அவர்களே! அவர் பின்னால் அணிவகுத்திருக்கும் அன்புத் தாய்மார்களே! அம்மன் கோயிலுக்கு இந்த அழகிய இரும்புக் கதவைச் செய்து தந்த பட்டறைச் செம்மல் இளஞ்செழியன் அவர்களே! அவர் இல்லத்தரசி தேவிப்ரியா அவர்களே! பேச்சு முடிந்தால்தான் கூழ் என்று தெரிந்து பொறுமை காக்கும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

கதவைப் பாராட்டத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் இந்தக் கதவு ஒரு மாதத்துக்கு முன்பே நின்றிருக்க வேண்டியது. நிற்க விடாமல் நிறுத்தியது யார்? வெயிலா? மழையா? வெல்டிங் கம்பியா? இல்லை ஐயா, இல்லை! இந்த வாய்!

மார்கழியில் வேங்கிக்கால் பக்கம் இருக்கும் இளஞ்செழியன் பட்டறைக்கு விமல்ராஜ் என்றொருவர் வந்தார். செங்கம் சாலையில் வாடகை வீடு. அளவு எழுதிய ஒரு தாளை நீட்டி, "மோட்டார் படகு ஏத்த ஒரு டிரெய்லர் கட்டணுங்க" என்றார். படகு எங்கே என்று கேட்டால், "வருதுங்க" என்றார்.

நான் சந்தேகப்பட்டேன். நீங்களே சொல்லுங்கள். மலை இருக்கிற ஊர் இது. மாடவீதி இருக்கிற ஊர் இது. கடல் இருக்கிறதா? கழிமுகம் இருக்கிறதா? கலங்கரை விளக்கம் இருக்கிறதா? கார்த்திகைக்கு ஏற்றுகிற விளக்கைப் பார்த்து எந்தக் கப்பலாவது இங்கே கரை ஒதுங்கியது உண்டா?

வண்டி வளர வளர என் சந்தேகமும் வளர்ந்தது. இளஞ்செழியன் அதுவரை கட்டியதெல்லாம் கரும்பு ஏற்றும் டிரெய்லர். தட்டையான தளம், நான்கு பக்கமும் தடுப்பு. இதற்கோ தளமே இல்லை! நடுவில் தாழ்ந்து இருபுறமும் உயர்ந்த சட்டம். அதன்மேல் நீளவாட்டில் இரண்டு மரக்கட்டைகள். அந்தக் கட்டைகளுக்குக் கார்ப்பெட் சுற்றல். வழுக்கிக்கொண்டு ஏற ரப்பர் உருளைகள். முன்னால் கையால் சுற்றி இழுக்கும் ஒரு வின்ச். கீறல் படாமல், சத்தம் வராமல், மெல்ல இழுத்து, மெத்தையில் படுக்க வைத்து, ஒரு பொருளைக் கொண்டுபோக வேண்டுமாம். கோயில் ஊரில் அப்படி ஒரு பொருள் என்னவாக இருக்கும்?

என்னம்மா, மூன்றாவது வரிசை, 'சிலை'ன்னு சொல்றீங்களா? அதேதான் தாயே! நானும் அதையேதான் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். சலூனில் சொன்னேன். கடைசியாக அப்பாசாமி ஐயா காதிலும் சொன்னேன். "சிலை தூக்கற வண்டி கட்டறவன்கிட்ட கோயில் கதவக் குடுத்தா, சாவி ரெண்டாப் பண்ணிடுவாங்கய்யா!"

அன்றைக்கே கதவு வேலையை நிறுத்தி வைத்தது திருப்பணிக் குழு. அதைப் பார்த்து ஜன்னல் கிரில் கேட்டவர் வேண்டாம் என்றார். மாடிப்படிக் கைப்பிடி கேட்டவர் பிறகு பார்க்கலாம் என்றார். பட்டறையில் மிச்சமிருந்தது அந்த ஒரு வண்டிதான்.

தை மாதம் ஒரு முற்பகல். பட்டறை வாசலில் விமல்ராஜின் ஜீப், அதன் பின்னால் வண்டி, வண்டிமேல் தார்ப்பாய், தார்ப்பாய்க்குள் ஏதோ புடைப்பு! அவரும் இளஞ்செழியனும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். விடுவேனா? தார்ப்பாயைத் தூக்கினேன், தலையை விட்டேன், உடம்பையும் விட்டேன். உள்ளே மணல் மூட்டைகள்! மூட்டைக்குள் சிலையோ என்று நான் தடவிக்கொண்டிருக்கும்போதே ஜீப் கிளம்பிவிட்டது. கத்தினால் மானம் போகும். கத்தாவிட்டால் நான் போவேன். மானத்தைத் தேர்ந்தெடுத்துப் படுத்துக்கொண்டேன்.

வண்டி நின்றது. பின்னோக்கி நகர்ந்தது. முதலில் என் முதுகு நனைந்தது. பிறகு காது நனைந்தது. ஏரி! அலறிக்கொண்டு எழுந்தேன். தண்ணீரில் நின்ற இளஞ்செழியன் என்னைவிடப் பெரிதாக அலறினார்.

"அண்ணே! நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

"மூட்ட எடை கம்மியா இருக்குமோன்னு நெனச்சேன் தம்பி. அதான் நானும் ஏறிக்கிட்டேன்."

விமல்ராஜ் நிதானமாகச் சொன்னார்: "பரவால்லங்க. அண்ணனத் தாங்குச்சின்னா படகத் தாங்கும்."

படகு வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கித்தான் சோதிப்பார்களாம்! சிலையைத் திருடுகிறவன் ஏரிக்குள் வண்டியை இறக்குவானா? அங்கேயே, அந்தச் சேற்றிலேயே, என் சந்தேகம் செத்தது.

பட்டறைக்குத் திரும்பினோம். தேவிப்ரியா துண்டை நீட்டியபடி ஒன்றே ஒன்று கேட்டார். "கதவ நிறுத்திட்டீங்க. பட்டறைய எப்பண்ணா நிறுத்தப் போறீங்க?"

அந்தத் துண்டால் நான் துடைத்துக்கொள்ளவில்லை. சொட்டச் சொட்ட நேராக அப்பாசாமி ஐயா வீட்டுக்குப் போனேன்.

"சிலைன்னு சொன்னதும் நீ. இப்ப படகுன்றதும் நீ. எந்த உன்னய்யா நம்பறது?" என்றார்.

உள்ளேயிருந்து ராணியம்மாள் வந்தார். என் வேட்டியைப் பார்த்தார். "ஈரத் துணியோட வந்து நிக்கறான். அம்மன் முன்னாடி இழுத்தும்போங்க. சத்தியம் பண்ணட்டும்!"

நம் கோயிலில் ஈரத் துணியோடு செய்த சத்தியத்துக்கு மேல் விசாரணை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். குளிக்காமலே குளித்திருந்த நான், கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். "தாயே! அது படகு வண்டி! படகுக்கே கட்டின வண்டி! பொய்யானா என்னக் கேளு!" மறுநாளே கதவு வேலை இளஞ்செழியனுக்குத் திரும்பி வந்தது.

பெரியோர்களே! இரும்பை வெட்ட எந்திரம் வேண்டும். ஒரு மனிதனின் பெயரை வெட்ட என்ன வேண்டும்? ஒரு டீ போதும், ஒரு பெஞ்சு போதும், என்னைப் போல் ஒருவன் போதும்! வெட்டிய இரும்பை இளஞ்செழியன் ஒட்டுவார். வெட்டிய பெயரை யார் ஒட்டுவது? வெட்டியவன்தான் ஒட்ட வேண்டும். வெட்டிய ஊர்நடுவிலேயே நின்று ஒட்ட வேண்டும்! அதற்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். தம்பி இளஞ்செழியா, ஊர் பார்க்கக் கேட்கிறேன், மன்னித்துவிடு!

கைதட்டலுக்கு நன்றி. கூழ் ஆறுகிறது, முடித்துக்கொள்கிறேன். பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும், பொறுக்காமல் கேட்ட தலைவருக்கும், என் சத்தியத்தை ஏற்ற அம்மனுக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.

ஒரு செய்தி வாசிக்கச் சொல்லி இப்போதுதான் சீட்டு வந்திருக்கிறது. படகை எடுத்து வரப் போயிருப்பதால் விழாவுக்கு வர இயலவில்லை என்று விமல்ராஜ் வாழ்த்து அனுப்பியிருக்கிறார். ஆறு மாதமாக அதற்காகத்தான் போயிருக்கிறார். வண்டி மட்டும் பட்டறையிலேயே நிற்கிறது.