இருட்டறையில் ஒரு மணித்தியாலம்

— சரி, இருக்கிறன். ஆனால் முதலில் ஆர் ஆர் இருக்கிறம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் கதைக்கிறது என்ர வழக்கம். நான், இளைப்பாறிய பிரதம இலிகிதர் ஸ்ரீஸ்கந்தராசா. நீங்கள், இந்தக் காப்புறுதிக் கந்தோர் மனேஜர் பஹ்மி. தேத்தண்ணியோட நிக்கிறது பேச்சியம்மா. பக்கத்து ஸ்டோர் அறையில் என்ர மகள் பத்மாதேவி, உத்தியோக நேரத்தில் படுத்திருக்கிறா. வேற ஆராவது?

— வேற ஒத்தரும் இல்ல, சேர். சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கோங்க. மகளுக்குத் தலையிடி.

— முப்பத்தொரு வருஷ சேவையில் ஒருத்தரும் என்னைச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதில்லை.

— ஐயா, கோப்பைய வைக்கிற சத்தமே பாப்பாவுக்கு மண்டையில ஆணி அடிக்கிற மாதிரிங்க. இந்தாங்க பிளேன்டி. பாத்து வைங்க.

— சரி, மெதுவாகவே சொல்லுறன். போன கிழமை அவள் உங்களிட்ட ஒரு கடிதம் தந்தவளாம். அதைத் திருப்பித் தாங்கோ.

— ஏன் சேர்? நான் எழுதச் சென்னதாலதான் எழுதினா. வாவிப் பக்கத்து யன்னல்ல ஈக்கிற மேசைய மாத்தணும், பின்னேரத்தில தண்ணியில பட்ட வெயில் கண்ணுக்கு அடிக்கிது. மேல துடிக்கிற டியூப் லைட்டும் கூடாது. தலையிடி தொடங்கினா ஒரு மணித்தியாலம் இருட்டில படுக்க விடணும். இவ்வளவுதான். கொழும்பு ஹெட் ஒபிசுக்கு அனுப்பினா அனுமதி வரும்.

— கொழும்புக்குப் போகக் கூடாது. போனால் அவளின்ர ஃபைலில் ஏறும். தலை வருத்தம் எண்டு எழுத்தில் கிடக்கும். பேராதனையில் இருந்து ஒரு சம்பந்தம் வருகுது. விசாரிக்கிறவை இங்கயும் வருவினம். மண்டைப் பிழை எண்டு கதை கட்ட ரெண்டு நாள் போதும்.

— மண்டைப் பிழையா! எந்த பொலிசி எந்த அலுமாரியில எண்டு இந்தக் கந்தோர்ல அந்தப் புள்ளக்கி மட்டுந்தான் தெரியும்.

— வேலையைப் பற்றி ஆர் குறை சொன்னது? படுக்கிறதைத்தான் சொல்லுறன். பல்லைக் கடிச்சுக்கொண்டு கதிரையில் இருந்தால் தானாகப் போகும்.

— போகாது சேர். நானும் அப்பிடித்தான் நெனச்சேன். போன மாசம் கண்ணுக்கு முன்னால வளஞ்சி வளஞ்சி மின்னுதாம் எண்டா. அதோடயே ரெண்டு மணித்தியாலம் டைப் அடிச்சா. அங்கால வாந்தி. ரெண்டு நாள் வரல்ல. அடிச்ச கடிதமெல்லாம் பிழை. இந்த மாசம் மின்னின ஒடனே குளிசையப் போட்டுட்டுப் படுக்கச் சென்னேன். ஒரு மணித்தியாலத்தில எழும்பி வந்து எல்லாத்தையும் முடிச்சிட்டா.

— நானும் ஒண்ணு கண்டுபுடிச்சேங்க. வெள்ளிக்கெழம வெரதம்னு பட்டினியா வந்தாங்கன்னா ரெண்டு மணிக்கெல்லாம் புடிச்சுக்குது. இப்ப நான் விடுறதில்ல. ஒரு கோப்பை பாலும் பப்பாசித் துண்டும் குடுத்துருவேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல.

— என்ர வீட்டு விரதத்தை உன்ர மஹய்யாவ வீட்டில் இருந்து நீ நடத்துறியோ?

— நடத்தாம? வாந்தி எடுத்தா வாளியக் கழுவுறது யாரு, நீங்களா?

— சேர் சிரிக்கிறீங்க!

— நான் சிரிக்கேல்லை. தேத்தண்ணி சூடு.

— இன்னொண்டு சேர். அவட கையிலயும் ஒரு கடிதம் ஈக்கிறது நல்லம். போன கெழம ஆமி செக்பொயின்ட்ல, தலையிடி வராம வெயிலுக்குப் போடுற கறுப்புக் கண்ணாடியக் கழட்டச் செல்லி, வெயில்லயே அரை மணித்தியாலம் நிப்பாட்டி வெச்சிட்டாங்க.

— எனக்கு அவள் சொல்லேல்லை.

— ஒங்களுக்குச் செல்ல அவக்கிப் பயம். இண்டைக்கி நீங்க வாரீங்க எண்டதும் இன்னொரு கடிதம் தந்தா. இந்தா ஈக்கி. வேலைய விடுறாவாம்.

— வேலையை விடவோ?

— நாங்க ரெண்டு பேரும் புடிச்சித்தான் உள்ளுக்குப் படுக்கப் போட்டோம். ஏன் புள்ள இந்த வீம்பு எண்டு கேட்டேன். ‘எண்பத்துமூண்டு ஜூலைக் கலவரத்தில ரோட்டில கடை எரியேக்க, கந்தோரில எல்லாரும் ஓடேக்க, எங்கட அப்பா கதிரையை விட்டு எழும்பாத மனுசன். நான் ஒரு தலையிடிக்கு எழும்பிறதோ’ எண்டா.

— அப்படியோ சொன்னவள்?

— அவ மட்டுமா? ஏழு வருஷமாக் கண்டி முழுக்கச் செல்ற கதைதானே. என்ட வாப்பாவும் செல்லுவாரு, ஆம்பிளை எண்டா ஸ்ரீஸ்கந்தராசா எண்டு. இப்ப செல்லுங்க சேர், ரெண்டு கடிதம் ஈக்கி. எத ஒங்களுக்குத் திருப்பித் தரணும்?

— பேச்சியம்மா, அந்தக் கதவைத் திற. வெளிச்சம் போகாமல், ஒரு விரலளவு. அவள் நித்திரையோ?

— முழிச்சுத்தான் கெடக்காங்க ஐயா. நெத்தியில ஈரத்துணி.

— தம்பி பஹ்மி, முதல் கடிதம் கொழும்புக்குப் போகட்டும். மற்றதைக் கிழியுங்கோ, சத்தம் வராமல். பிள்ளை, கேக்குதோ? ஊரில் சொல்லுற அந்தக் கதை பிழை. அண்டைக்கு எல்லாரோடயும் ஓடத்தான் எனக்கும் விருப்பம். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தன், ஆளில்லை எண்டு நினைச்சு வாச்சர் வெளியால பூட்டிப்போட்டுப் போயிட்டான். அது வீரமில்லை. உனக்கு இருக்கிற இதே தலையிடி. எழும்ப ஏலாமல் கிடந்தனான்.