கூடையில் எட்டு

— மெதுவா, மாப்ளே! கரண்டிச் சத்தம் கீழ் வீடு வரைக்கும் கேக்கும்.

— கரண்டியை விட உங்க அதட்டல்தான் மாமா பெருசா கேக்குது.

— முப்பது வருஷம் பஸ் ஓட்டின தொண்டை. ஹாரன் அடிக்காத வண்டியெல்லாம் இதை வச்சுத்தான் ஓட்டினேன். கடுகு வெடிச்சாச்சு பாருங்க, சீரகத்தைத் தள்ளுங்க.

— எவ்வளவு?

— கை அள்ளுற அளவு.

— யார் கை? உங்க கையில அள்ளினா கால் கிலோ வரும். நான் மருந்துக்கடைக்காரன் மாமா, அரை ஸ்பூன்னா அரை ஸ்பூன்தான்.

— சரி, இப்போ உருளைக்கிழங்கைக் கொட்டுங்க. மஞ்சள்தூள், உப்பு. ஒரு கை தண்ணி தெளிச்சு மூடுங்க. என் பொண்ணு ஆபீஸ்ல, என் பொண்டாட்டி தையல்கடையில. ரோடு இப்படிக் காலியா கிடைச்சு எத்தனை நாளாச்சு!

— மாட்டினா?

— உங்களுக்கென்ன, ஒரு முறைப்போட போயிடும். எனக்குக் காலையில ஒரு டம்ளர் பாகற்காய் சாறு ஏற்கெனவே ஓடுது. மாட்டினா சாயங்காலமும் ஒண்ணுன்னு சொல்லியிருக்கா. சொன்னா செய்யுறவ.

— டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் சாப்பிடலாம்னுதானே சொன்னாரு?

— அது டாக்டர் சட்டம். வீட்டுல உங்க அத்தை சட்டம். 'உங்க சர்க்கரை இறங்குற வரைக்கும் நானும் கிழங்கைத் தொடமாட்டேன்'னு ஆறு மாசமா வாயைக் கட்டியிருக்கா. கூடையில இருக்குறது உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான். அந்த மகராசியை நினைச்சா நெஞ்சு அடைக்குது. மிளகாய்த்தூள் போடுங்க.

— நெஞ்சு அடைக்கும்போது மிளகாய்த்தூளா?

— அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது.

— மாமா, நான் எடுக்கும்போதே வாணலி ஈரமா இருந்துச்சு.

— கழுவி வச்சிருப்பா. எதுலயும் ஒரு சந்தேகம் உங்களுக்கு!

— கிழங்கு எத்தனை எடுத்தீங்க?

— நாலு. கூடையில இருந்ததே நாலுதான்.

— நாலா? நேத்து அத்தை என் கண் முன்னாடி எண்ணி வச்சாங்க. எட்டு.

— அப்போ மீதி நாலு?

— என்னை ஏன் மாமா பார்க்குறீங்க? நான்தான் உங்களைப் பார்க்கணும்.

— என் மீசை மேல சத்தியமா நான் எடுக்கல!

— சரி விடுங்க. பையில ஒரு கிலோ வாங்கிட்டு வந்திருக்கேன். எட்டு எண்ணிக் கூடையில வச்சுடுறேன். மண்ணு ஒட்டினதா, அதே சைஸா பொறுக்கினேன்.

— மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்! தோல்?

— பேப்பர்ல சுத்தி ஸ்கூட்டர் டிக்கியில போட்டாச்சு. வாசனைக்கு பினாயில் ஊத்தித் துடைச்சாச்சு. இப்போ தட்டை நீட்டுங்க.

— ஆஹா... இந்த அடியில ஒட்டின முறுகலை எனக்குச் சுரண்டிப் போடுங்க. சொத்தையே எழுதி வைக்கலாம் மாப்ளே உங்களுக்கு.

— மாமா! பூட்டுல சாவி திரும்புது!

— முழுங்குங்க!

— சுடுது மாமா!

— சுட்டா என்ன, முழுங்குங்க! ...வாம்மா, வா. அதுக்குள்ள தைச்சுக் குடுத்துட்டாரா?

— கடை மூடியிருக்கு. என்னங்க இது, வீடு பூரா பினாயில் நாத்தம்? ஏன் ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி?

— மாப்பிள்ளைக்கு ஜலதோஷம்.

— உங்களுக்கு?

— அவர்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு.

— மஞ்சள்தூளும் அவர்கிட்டேர்ந்துதான் மீசையில ஒட்டிக்கிச்சா? கிழங்கைத் தின்னீங்களா இல்லையா?

— அத்தை, பாவம் மாமா. வேணும்னா கூடையை எண்ணிப் பாருங்க. எட்டும் அப்படியே இருக்கு.

— ...ஆறு, ஏழு, எட்டு.

— பார்த்தியா? கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டியே!

— யார்கிட்ட கதை விடுறீங்க? எட்டு எப்படிங்க இருக்கும்? காலையில நாலை நானே வறுத்துத் தின்னுட்டு, வாணலியைக் கழுவிக் கவுத்துட்டுல்ல கிளம்பிப் போனேன்!