பாய்லருக்குள் மஞ்சள்

வத்தலக்குண்டு பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஸ்வெட்டர் போட்டிருந்தவள், மடியில் பூண்டு மூட்டை வைத்திருந்தவளிடம் சொன்னாள்:

“நேத்து நான் வேல பாக்குற பங்களாவுல செம்பு பாய்லருக்குள்ள மஞ்சளக் கரைச்சு ஊத்திட்டேன் மதினி.”

“கிறுக்கா ஒனக்கு?”

“பின்ன? மொத வாளி கொதிக்குது, அடுத்த வாளி சில்லுனு வருது. நான் அடுப்புல விறகக் கொறச்சுப் போட்டு, மிச்சத்தத் திருடி வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு பங்களா அம்மா சொல்றாங்க. வேலைய விட்டு நின்னுக்கன்னுட்டாங்க.”

“அதுக்கு மஞ்சளு எதுக்குடி?”

“மேல ஊத்துற பச்சத்தண்ணி உள்குழா வழியா அடிக்குப் போயி, சுடுதண்ணியத்தான வெளிய தள்ளணும்? அடுப்பு பத்தவைக்கிறதுக்கு முன்னாடி அம்மாவ வாய்க்குழாயில கையப் பிடிக்கச் சொல்லிட்டு மஞ்சத்தண்ணிய ஊத்துனேன். ஊத்துன வெரசுல மஞ்சளா வந்துருச்சு!”

“அப்டின்னா?”

“உள்குழா ஒடிஞ்சு கெடக்கு. பச்சத்தண்ணி அடிக்குப் போகாம மேலயே கலந்து வந்துருது. விறகு மேல ஒரு குத்தமும் இல்ல, எம்மேலயும் இல்ல!”

பெருமாள்மலை வந்தது. இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை.

“அம்மா என்னா சொன்னாங்க?”

“அந்த மஞ்சக் கையாலயே எனக்குக் காப்பி ஆத்திக் குடுத்தாங்க.”