நாறுதா என்று கேட்டவருக்கு

சாணத்தில் மின்சாரம் சமைத்த சான்றோரே! கழிவிலே கனலும் கனலிலே ஒளியும் கண்ட கண்ணியவானே! பண்ணையின் பால் குளிரப் பகலிரவாய்ப் பொறிகாத்த இன்று ஓய்வுபெறும் எங்கள் மேற்பார்வையாளரே! முதுகுக்குப் பின்னால் எங்களிடம் 'பயந்தாங்கொள்ளி அண்ணன்' என்று பட்டம் பெற்ற பெருந்தகையே! வணங்குகிறோம்.

மாட்டுச் சாணம் தொட்டியில் புளித்து, வாயுவாகி, பொறியை ஓட்டி, விளக்கை ஏற்றுவது ஊராருக்கு வேடிக்கை. உங்களுக்கோ அது வயிற்றில் கட்டிய நெருப்பு. சாணக் கரைசல் குழிக்குள் நல்ல காற்றை ஊதி, இடுப்பில் கயிறு கட்டி ஒருவரை இறக்கிவிட்டு, மேலே நின்று மூச்சுக்கு மூச்சு கேட்பீர்கள்: "நாறுதா?" "நாறுதுண்ணே!" என்று பதில் வந்தால்தான் உங்கள் முகத்தில் ரத்தம் ஓடும். அந்த நாற்ற வாயு மிஞ்சினால் முதலில் மூக்கைக் கொல்லும், பிறகு ஆளைக் கொல்லும் என்று சொல்லிச் சொல்லி எங்கள் காதைப் புளிக்கவைத்தீர்கள்.

அஞ்சி அஞ்சியே எங்களை ஆண்ட அண்ணலே! சென்ற மழைக்காலத்தில் பம்ப் அடைத்துக்கொண்டபோது நம் வெல்டர் இறங்கினார். "நாறுதா?" என்றீர்கள். "இல்லண்ணே, இன்னிக்கு ஜம்முன்னு இருக்கு!" என்றார் அவர். நாங்கள் சிரித்தோம். நீங்கள் கயிற்றை இழுக்கத் தொடங்கியிருந்தீர்கள். அதற்குள் அவர் கீழே சாய்ந்துவிட்டார்.

அவருடைய தம்பி, நம் எலக்ட்ரீஷியன், உள்ளே குதிக்கப் பாய்ந்தார். குழியின் வாயை மறித்து நின்றீர்கள். "எங்கண்ணன் சாகுறான், நவுருய்யா!" என்று உங்கள் முகத்திலேயே குத்தினார். "எறங்குனா ரெண்டு பொணம்டா! கயித்தப் புடி!" என்று அலறினீர்களே தவிர, அசையவில்லை. எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். வெல்டர் இருமிக் கண்விழித்த பிறகு, உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கவும் மறந்து, நீங்கள்தான் தேம்பித் தேம்பி அழுதீர்கள்.

உங்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. நாளை முதல் கயிறு பிடிக்கப்போகிறவர் அந்த எலக்ட்ரீஷியன் தம்பிதான்; அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். நேற்று ஒத்திகை பார்த்தோம். "நாறுதா?" என்றார். கீழேயிருந்து, "தெரியலப்பா, எனக்கு ஜலதோஷம்!" என்று பதில் வந்தது. பதறியடித்து மேலே தூக்கினோம். சளி பிடித்தவரைக் குழியில் இறக்கக்கூடாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை ஆண்டும் எங்களுக்குப் பதிலாக நீங்கள் யோசித்துவிட்டீர்கள். இன்னும் எது எது எங்களுக்குத் தோன்றாமல் இருக்கிறதோ!

மாசற்ற காற்றும், மனம்போல் உறக்கமும், மக்களோடும் பேரரோடும் மகிழ்ந்திருக்கும் காலமும் பெற்று நீங்கள் நூறாண்டு வாழ வாழ்த்துகிறோம். ஐயா, உங்கள் வயதுவரை இருந்து நாங்களும் ஓய்வுபெற, எங்களை நீங்கள் வாழ்த்துங்கள்.

இங்ஙனம்,
நாளையும் குழியில் இறங்கும்
சாண எரிவாயு மின்நிலையப் பணியாளர்கள்